வயதானவருக்குத் தீராத மனச்சோர்வு: இசிடியா, காந்தமா, கெட்டமினா, இன்னொரு மாத்திரையா?

அம்மாவின் மனச்சோர்வுக்கு இசிடி, அதாவது மயக்க மருந்து கொடுத்துத் தலையில் மின்சாரம் பாய்ச்சி வலிப்பை வரவழைக்கும் சிகிச்சை, கொடுத்தோம் என்று ஒருமுறை எழுதினேன். அதிலிருந்து ஒரே கேள்வி வேறு வேறு வீடுகளிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. அப்பாவுக்கு எழுபத்திரண்டு, மூன்று மாத்திரை மாற்றியாயிற்று, ஒன்றும் பிடிக்கவில்லை, டாக்டர் இசிடி என்கிறார், தம்பி காந்தத்தில் ஏதோ சிகிச்சை இருக்கிறதாமே என்கிறான், சித்தி "கரண்ட் வச்சா மூளை போயிடும்" என்கிறார், என்ன செய்வது? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி மாளவில்லை, அதனால் மொத்தமாக இங்கே.

நான் டாக்டர் இல்லை. அம்மாவோடு பதினொரு தடவை இசிடி அறை வாசலில் உட்கார்ந்தவள், அதற்கு முன்னும் பின்னும் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தவள், அவ்வளவுதான். உங்கள் வீட்டு ஆளைப் பரிசோதித்த டாக்டரின் பேச்சுக்கு மேல் என் பேச்சை வைக்காதீர்கள். அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக இது உதவினால் போதும்.

## முதலில், நிஜமாகவே தீராததுதானா?

டாக்டர்கள் "மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு" என்று சொல்வதற்கு ஒரு கணக்கு உண்டு. குறைந்தது இரண்டு மருந்துகளை, போதிய அளவில், போதிய நாள், ஒழுங்காகச் சாப்பிட்டும் கேட்கவில்லை என்றால்தான் அந்தப் பெயர். வயதானவர்களிடம் இந்த மூன்றுமே இடறும். வயதாகிவிட்டதே என்று குறைந்த அளவில் ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுவது ரொம்ப சகஜம். நாள் கணக்கும் அப்படித்தான்: ஆறு முதல் எட்டு வாரம் பார்க்க வேண்டும், முதியவர்களுக்குச் சில சமயம் பன்னிரண்டு வாரம்கூட ஆகும், ஆனால் மூன்றாவது வாரமே "இது சரிப்படலை" என்று மாற்றிவிடுகிறோம்.

ஒழுங்காகச் சாப்பிடுவது பற்றி: எங்கள் அம்மாவின் தலையணை உறையைத் துவைக்க எடுத்தபோது உள்ளே ஒன்பது மாத்திரைகள் இருந்தன. நான்தான் தினமும் கையில் கொடுத்து, தண்ணீரும் கொடுத்து, குடிப்பதைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன்.

தைராய்டு, வைட்டமின் பி12, ரத்தத்தில் சோடியம் மூன்றையும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். சோடியத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மனச்சோர்வு மருந்துகளில் பலவும் முதியவர்களுக்கு அதைக் குறைத்துவிடும், குறைந்தால் மந்தமும் குழப்பமும் வரும், அதைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். பார்க்கின்சன் நோயும் நினைவிழப்பு நோயும் தொடக்கத்தில் மனச்சோர்வின் முகத்தோடு வருவதுண்டு. காது சரியாகக் கேட்காமல் பேச்சிலிருந்து ஒதுங்கிப் போனவரை மனம் ஒடிந்துவிட்டார் என்று முடிவு கட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் தாண்டியும் நோய் நிற்கிறது என்றால் மேலே படியுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

எல்லாரும் முதலில் கேட்பது "எது பாதுகாப்பானது?" என்றுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், அது தப்பான இடம். ஒன்றும் செய்யாமல் இருப்பதை அந்தக் கேள்வி ஆபத்தில்லாத கணக்கில் சேர்த்துவிடுகிறது. எழுபது வயதுக்காரர் இரண்டு மாதம் படுத்தே கிடந்தால் கால் தசை வற்றிப்போகும், எடை குறையும், படுக்கைப் புண், நிமோனியா, கால் ரத்தக் குழாயில் ரத்தக் கட்டு என்று ஒவ்வொன்றாக வரும். தற்கொலை விஷயத்திலும் வயதானவர்கள், முக்கியமாக ஆண்கள், சொல்லாமல் செய்துவிடுகிறவர்கள்.

அதனால் நான் முதலில் வைப்பது அவசரம். சாப்பிடுகிறாரா, தண்ணீர் குடிக்கிறாரா, சாவைப் பற்றிப் பேசுகிறாரா? இவரால் எத்தனை வாரம் காத்திருக்க முடியும்?

அடுத்தது மனச்சோர்வின் வகை. என் குடல் அழுகிவிட்டது, வீட்டில் காசே இல்லை, போலீஸ் வரப்போகிறது என்று இல்லாததை அசைக்க முடியாமல் நம்புகிறவர்கள் உண்டு. இதை மனப்பிரமையோடு கூடிய மனச்சோர்வு என்பார்கள், முதியவர்களிடம் இது கூடுதல். சிலர் பேச்சே நின்று, வைத்த இடத்தில் வைத்த மாதிரி உறைந்துவிடுவார்கள். இந்த இரண்டு வகையிலும் சிகிச்சைகளின் வரிசையே மாறிவிடும்.

மூன்றாவது, உடம்பு: இதயம், ரத்த அழுத்தம், சிறுநீரகம், எலும்பு, ஏற்கெனவே விழுங்கும் மாத்திரைகளின் நீளப் பட்டியல். நான்காவது, நினைவு. ஏற்கெனவே மறதி இருப்பவரா, எந்த நினைவுகள் போனால் அவருக்குத் தாங்காது? ஐந்தாவதை யாரும் எழுதிக்கொள்வதில்லை, யார் கூட்டிப் போவது, எத்தனை நாள்? ஆறாவது, குணமான பிறகு என்ன. எல்லாச் சிகிச்சையும் தடுக்கி விழும் இடம் இந்தக் கடைசிக் கேள்விதான்.

## இன்னொரு மாத்திரை

புதிய மருந்துக்கு மாறுவது, அல்லது இருப்பதோடு இன்னொன்றைச் சேர்ப்பது. வீட்டை விட்டு நகர வேண்டாம், யாருக்கும் சொல்ல வேண்டாம், அதனால் எல்லாருக்கும் பிடித்த வழி. ஆனால் இரண்டு தோற்ற பிறகு மூன்றாவது பலிக்கும் வாய்ப்பு நாம் நினைப்பதைவிடக் குறைவு. 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மட்டும் நடத்திய ஆப்டிமம் ஆய்வு 2023இல் வெளியானது. இருக்கும் மருந்தோடு அரிபிப்ரசோல் என்ற மருந்தைச் சேர்த்தவர்களிலும் புப்ரோபியான் என்ற மருந்தைச் சேர்த்தவர்களிலும் முழுக்க மீண்டவர்கள் சுமார் 28, 29 சதவீதம். பழைய மருந்தை விட்டுப் புப்ரோபியானுக்கு மாறியவர்களில் 19 சதவீதம். அதிலும் கேட்காதவர்களுக்கு அடுத்த கட்டமாக லித்தியம் என்ற மனநிலையைச் சீராக்கும் மருந்தைச் சேர்த்தார்கள், அல்லது நார்ட்ரிப்டிலின் என்ற பழைய வகை மருந்துக்கு மாற்றினார்கள். அங்கே மீண்டவர்கள் ஐந்தில் ஒருவர்.

ஐந்தில் ஒருவர் என்பதைக் கேவலமாக நினைக்க வேண்டாம், அந்த ஒருவர் நம் வீட்டு ஆளாக இருக்கலாம். ஒவ்வொரு முயற்சிக்கும் இரண்டு மாதம் போகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வெளியே தெரியாத செலவு விழுவதுதான். அதே ஆய்வில் புப்ரோபியானைக் கூடுதலாகச் சேர்த்தவர்கள் அதிகம் விழுந்தார்கள். ஒரு தடவை இடுப்பு எலும்பு முறிந்தால் மனச்சோர்வு இரண்டாம் பிரச்சினையாகிவிடும். பழைய வகை மருந்துகளில் மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, குழப்பம், இதயத் துடிப்பில் மாற்றம் எல்லாம் உண்டு. லித்தியம் நல்ல மருந்து, ஆனால் அடிக்கடி ரத்தம் எடுத்து அளவு பார்க்க வேண்டும், சிறுநீரகமும் தைராய்டும் கண்காணிப்பில் இருக்க வேண்டும், முட்டி வலிக்கு என்று கடையில் வாங்கிப் போடும் சாதாரண வலி மாத்திரைகூட அதன் அளவை ஆபத்தான இடத்துக்கு ஏற்றிவிடும்.

நடமாடிக்கொண்டு, ஓரளவு சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார், இதுவரை எடுத்த மருந்துகள் சரியான அளவை எட்டவே இல்லை என்றால் இதுதான் முதலில்.

## இசிடி

சரி, பயப்படும் இடத்துக்கு வருவோம். மின்னதிர்ச்சி சிகிச்சை, ஷாக், கரண்ட் வைப்பது, எப்படிச் சொன்னாலும் கேட்பவர் முகம் மாறும். 1938இல் ரோம் நகரில் செர்லெட்டி, பினி என்ற இரண்டு டாக்டர்கள் ஆரம்பித்தபோது மயக்க மருந்து கிடையாது, தசையைத் தளர்த்தும் மருந்து கிடையாது, வலிப்பில் எலும்பு முறிந்தவர்கள் உண்டு. சினிமாவில் இன்னமும் அந்தக் காலத்து இசிடிதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது நடப்பதை ஒரு நர்ஸ் எனக்கு விளக்கினார். முந்தின இரவுக்குப் பிறகு சாப்பாடு கிடையாது. காலையில் பல் செட்டைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். கையில் ஊசி போட்டுத் தூங்க வைப்பார்கள். தசையைத் தளர்த்தும் மருந்து போகும் முன்னால் கணுக்காலில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கட்டி இறுக்கிவிடுவார்கள். அந்தப் பாதத்துக்கு மட்டும் மருந்து போகாது. ஆக மூளையில் வலிப்பு ஓடினாலும் வெளியே ஆடுவது அந்த ஒரு பாதம்தான், எவ்வளவு நேரம் ஆடுகிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பார்கள், தலையில் ஒட்டிய கம்பிகள் மூளையின் அலையை வரைந்துகொண்டிருக்கும். மின்சாரம் பாய்வது சில வினாடி. வலிப்பு பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள். "உங்கம்மா கால் பெருவிரல் முப்பத்தெட்டு செகண்ட் ஆடுச்சும்மா, நல்லா வந்திருக்கு" என்றார் முதல் நாள். அதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று, மொத்தம் ஆறு முதல் பன்னிரண்டு தடவை என்பது வழக்கமான கணக்கு.

பலன் விஷயத்தில் ஒரு ஆச்சரியம், முதியவர்களுக்கு இது இளையவர்களைவிட நன்றாகவே வேலை செய்கிறது. 60 வயதுக்கு மேற்பட்ட 240 பேரிடம் நடத்தி 2016இல் வெளியான பிரைட் ஆய்வில் 62 சதவீதம் பேர் முழுக்க மீண்டார்கள், சராசரியாக ஏழு தடவையில். கூடவே வென்லாஃபாக்சின் என்ற மனச்சோர்வு மாத்திரையும் உண்டு. மனப்பிரமையோடு வரும் வகையில் பலன் இன்னும் கூடுதல். மேலே மாத்திரைக்குப் பார்த்த எண்களோடு இதை நேராக ஒப்பிட முடியாது, இரண்டிலும் சேர்ந்த நோயாளிகள் வேறு. ஆனாலும் இடைவெளி சின்னதில்லை.

ஆபத்து: மரணம் என்பது ஒரு லட்சம் தடவைக்கு ஏறத்தாழ இரண்டு. மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் காரியத்துக்கு இது மிகக் குறைவு. வயதை மட்டும் வைத்து வேண்டாம் என்று சொல்லும் விதி எதுவும் கிடையாது. சமீபத்தில் மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர், மூளைக்குள் அழுத்தம் கூடியிருப்பவர், ரத்தக் குழாய் வீக்கம் உள்ளவர் என்றால் இதய டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் சேர்ந்து உட்கார்ந்து யோசிக்க வேண்டும். பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு கொடுக்கிறார்கள். தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் கட்டாயம் சொல்லிவிடுங்கள், அவை வலிப்பு வரவிடாமல் தடுத்து மொத்தச் சிகிச்சையையும் வீணாக்கிவிடும். லித்தியம் சாப்பிடுகிறவர் என்றாலும் சொல்லுங்கள், குழப்பம் கூடலாம் என்பதால் நிறுத்துவார்கள் அல்லது குறைப்பார்கள்.

அப்புறம் மறதி. இதை மழுப்புகிறவர்களை நம்பாதீர்கள், பூதமாக்குகிறவர்களையும் நம்பாதீர்கள். எழுந்ததும் அரை மணி, ஒரு மணி நேரம் குழப்பம் இருக்கும், முதியவர்களுக்கு அது சில நேரம் நாள் முழுக்க நீளும். சிகிச்சை நடக்கும் வாரங்களில் புதிதாகச் சொன்னது நிற்காது. கடைசித் தடவைக்குப் பிறகு சில வாரங்களில் அந்தத் திறன் பெரும்பாலும் திரும்பிவிடுகிறது, மனச்சோர்வால் மங்கியிருந்த கவனமும் சேர்ந்து தெளிவதால் முன்னைவிட நன்றாக இருப்பவர்களும் உண்டு. திரும்பாமல் போகக்கூடியது, சிகிச்சைக்குச் சற்று முந்தைய மாதங்களின் சொந்த நினைவுகள். எங்கள் வீட்டில் என் அண்ணன் மகள் வந்து பத்து நாள் தங்கி, பாட்டி தலையைப் பின்னிவிட்டு, பக்கத்திலேயே படுத்துக் கிடந்துவிட்டுப் போனாள். அம்மாவுக்கு அந்தப் பத்து நாள் இல்லவே இல்லை. போட்டோ காட்டினால் "ஏன்டி, இது எப்போ எடுத்தது?" என்று கேட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றரை வருஷம் ஆகிறது, வரவில்லை.

நினைவிழப்பு நோய் வந்துவிடுமா என்பது வேறு கேள்வி. டென்மார்க்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவேடுகளைப் பார்த்து 2018இல் வெளியான ஆய்வில், இசிடி எடுத்தவர்களுக்கு அந்த நோய் கூடுதலாக வரவில்லை.

மறதியைக் குறைக்க வழி இருக்கிறது, கேட்டால்தான் சொல்வார்கள். மின்முனைகளைத் தலையின் வலது பக்கத்தில் மட்டும் வைப்பது, மிகக் குறுகிய துடிப்பில் மின்சாரம் கொடுப்பது, வாரத்துக்கு மூன்றை இரண்டாக்குவது. பிரைட் ஆய்வில் வலது பக்க முறைதான். இருபக்கம் வைத்தால் பலன் வேகம், மறதியும் கூட. உயிர் ஊசலாடும் நிலையில் இருபக்க முறையைத் தேர்ந்தால் அது நியாயம்தான், மற்றபடி வலது பக்கத்தில் ஆரம்பிக்க முடியுமா என்று கேளுங்கள்.

இசிடியின் பெரிய பலவீனமாக நான் நினைப்பது மறதியை இல்லை, திரும்ப வருவதைத்தான். 2001இல் வெளியான ஒரு ஆய்வு: இசிடியில் மீண்டவர்களுக்கு அதன் பிறகு மருந்தே கொடுக்காமல் வெறும் வெற்று மாத்திரை கொடுத்தபோது ஆறு மாதத்தில் 84 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. நார்ட்ரிப்டிலின் கொடுத்தவர்களில் 60. நார்ட்ரிப்டிலினோடு லித்தியமும் கொடுத்தவர்களில் 39. ஆக "பத்து கரண்ட் வச்சாச்சு, முடிஞ்சது" என்று வீட்டுக்குப் போனால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். பின்னாலேயே மருந்து வேண்டும், பலருக்கு இடைவெளி விட்டு விட்டுப் பராமரிப்பு இசிடியும் வேண்டும். முதல் நாளே இதைக் கேட்டுவிடுங்கள்.

வீட்டுச் செலவு: ஒவ்வொரு தடவையும் ஒருவர் அரை நாள் கூட இருக்க வேண்டும், அன்று முழுக்கத் தனியாக விடக் கூடாது, சிகிச்சை ஓடும் வாரங்களில் வண்டி ஓட்டக் கூடாது, கையெழுத்துப் போடும் பெரிய காரியம் எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது. பத்திரம், வங்கி வேலை எல்லாம் அப்புறம்.

## காந்தத் தூண்டல், அதாவது டிஎம்எஸ்

எட்டு வடிவில் சுற்றிய கம்பிச்சுருளை நெற்றிக்கு இடது மேலே வைத்துக் காந்தத் துடிப்புகள் கொடுப்பார்கள். மயக்க மருந்து வேண்டாம், விழித்தபடியே நாற்காலியில் உட்காரலாம், மறதி வராது, முடிந்ததும் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகலாம். அமெரிக்காவில் 2008இல் மனச்சோர்வுக்கு அனுமதி கிடைத்தது. தலையில் மரங்கொத்தி உட்கார்ந்த மாதிரி டக் டக் என்று இருக்குமாம், காதில் அடைப்பான் வைப்பார்கள், சிலருக்குத் தலைத்தோல் வலிக்கும். வலிப்பு வரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு.

இவ்வளவு சுகமாக இருந்தால் இதையே எல்லாருக்கும் கொடுக்கலாமே? ஒன்று, மனப்பிரமை இருந்தால், உறைந்த நிலை இருந்தால், இதை நம்பிக் காத்திருக்க முடியாது. இரண்டு, வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்கும், கம்பிச்சுருளுக்கும் மூளைக்கும் நடுவே தூரம் கூடும், காந்தப் புலமோ தூரம் கூடக் கூட வேகமாகக் குறையும். அதைக் கணக்கிட்டு அளவைக் கூட்ட வேண்டும். மூன்று, வாரத்தில் ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம். பேச்சுக்கு "சின்ன சிகிச்சை", கணக்குக்கு முப்பது நாள் பயணம். வேலைக்குப் போகும் மகனோ மகளோ இதை எப்படிச் சமாளிப்பார்கள் என்று யாரும் கேட்பதில்லை, பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது தீட்டா வெடிப்பு என்று ஒரு குறுகிய முறை வந்திருக்கிறது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடத்தி 2022இல் வெளியான ஆய்வில், முக்கால் மணி நேரம் பிடித்த பழைய முறைக்கு நான்கு நிமிட முறை சளைக்கவில்லை. நாற்காலியில் உட்காரும் நேரம்தான் குறைகிறது, பயண நாட்கள் அப்படியேதான்.

தலைக்குள் உலோகக் கிளிப், அறுவை செய்து உள்காதில் பொருத்திய கேட்புக் கருவி இருந்தால் கூடாது. வெளியே மாட்டும் காது மெஷினைக் கழற்றிவிட்டால் போதும்.

## கெட்டமின், எஸ்கெட்டமின்

கெட்டமின் பழைய மயக்க மருந்து. குறைந்த அளவில் நாற்பது நிமிடம் சொட்டுச் சொட்டாக ஏற்றினால் சில மணி நேரத்திலேயே மனச்சோர்வு இறங்குவதைப் பார்த்தார்கள். அதன் உறவான எஸ்கெட்டமின் மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாக வருகிறது, அமெரிக்காவில் 2019இல் அனுமதி கிடைத்தது. வாரம் இருமுறை நான்கு வாரம், பிறகு குறைப்பார்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரம் ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டும்.

இசிடியோடு நேருக்கு நேர் நிறுத்திய இரண்டு ஆய்வுகள் உண்டு, இரண்டும் இரண்டு திசையில் போகின்றன. 2023இல் வந்த அமெரிக்க ஆய்வில் கெட்டமின் எடுத்தவர்களில் 55 சதவீதம் பேருக்கும் இசிடி எடுத்தவர்களில் 41 சதவீதம் பேருக்கும் நல்ல முன்னேற்றம். "கெட்டமின் இசிடியை முந்தியது" என்று செய்தி பறந்தது, என் அண்ணன்கூட அனுப்பியிருந்தார். உள்ளே போய்ப் பார்த்தால், சராசரி வயது நாற்பதுகளின் நடுவில், மனப்பிரமை உள்ளவர்களைச் சேர்க்கவில்லை, பெரும்பாலோர் வீட்டிலிருந்து வந்துபோகும் நிலையில் இருந்தவர்கள். 2022இல் வந்த சுவீடன் ஆய்வில் இருந்தவர்கள் ஆஸ்பத்திரியில் படுத்த நோயாளிகள். அங்கே இசிடியில் 63 சதவீதம் மீண்டார்கள், கெட்டமினில் 46. நீடித்த மறதி இசிடியில் அதிகம், பக்கவிளைவு தாங்காமல் பாதியில் விலகியவர்கள் கெட்டமினில் அதிகம், ஒரு வருஷத்துக்குள் நோய் திரும்பியது இரண்டிலும் மூன்றில் இருவருக்கு. நம் வீட்டு ஆள் எந்த ஆய்வின் ஆளைப் போல இருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

முதியவர்களுக்கென்றே எஸ்கெட்டமினை 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் சோதித்தபோது தெளிவான வெற்றி கிடைக்கவில்லை. வெற்று ஸ்பிரேயைவிடக் கொஞ்சம் மேல், ஆனால் தற்செயல் இல்லை என்று சொல்ல வேண்டிய புள்ளிவிவரக் கோட்டைத் தாண்டவில்லை. கொடுத்த முக்கால் மணி நேரத்துக்குள் ரத்த அழுத்தம் ஏறும். மூளையில் ரத்தக் கசிவு வந்தவர், ரத்தக் குழாய் வீக்கம் உள்ளவர் என்றால் கூடவே கூடாது. உடம்பு தனியே மிதப்பது போன்ற உணர்வை ஒரு முப்பது வயதுக்காரர் வேடிக்கையாகச் சொல்வார், எண்பது வயதுக்காரர் மிரண்டுபோய் எழுந்து நடக்கப் பார்த்து விழலாம்.

ஆனாலும் வேகம் வேண்டும், மயக்க மருந்து கொடுக்க முடியாத உடம்பு அல்லது இசிடிக்கு அவர் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, மனப்பிரமை இல்லை என்றால் இதற்கு ஒரு இடம் இருக்கிறது.

## பேச்சு சிகிச்சை

மற்றவற்றுக்குப் பதிலாக இல்லை, கூடவே. பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரிடம் ஆலோசகர் என்ன பேச முடியும்? கொஞ்சம் தெளிந்த பிறகு, அன்றாடச் சிக்கல்களை ஒவ்வொன்றாகத் தீர்க்கப் பழக்கும் முறை முதியவர்களுக்கு நன்றாகப் பிடிக்கிறது, நோய் திரும்பாமல் இருக்கவும் உதவும்.

## ஒரே பார்வையில்

| | பலன் தெரிய | நினைவு | உடம்புக்கு முக்கிய ஆபத்து | வீட்டுக்குச் சுமை |
|---|---|---|---|---|
| இன்னொரு மாத்திரை | 6–8 வாரம், சில சமயம் 12 | பழைய வகைகளில் குழப்பம் வரலாம் | விழுதல், சோடியம் குறைதல் | குறைவு. ரத்தப் பரிசோதனை, விழுங்குவதைக் கவனித்தல் |
| இசிடி | 2–4 வாரம், சிலருக்கு முன்பே | முந்தைய மாதங்கள் போகலாம் | மயக்க மருந்து, இதயம், குழப்பம் | 6–12 அரை நாள், பிறகு பராமரிப்பு |
| டிஎம்எஸ் | 4–6 வாரம் | பாதிப்பு இல்லை | மிகக் குறைவு | 20–30 நாள் பயணம் |
| கெட்டமின் வகை | மணிகள், நாட்கள் | குறைவு | ரத்த அழுத்தம், மிரட்சி, விழுதல் | வாரம் இருமுறை, கூட ஆள் |

## நான் எப்படிப் பிரிப்பேன்

சாப்பாடும் தண்ணீரும் நின்றுவிட்டது, மனப்பிரமை இருக்கிறது, உறைந்துவிட்டார், தற்கொலை எண்ணம் தீவிரம்: இதில் எது இருந்தாலும் இசிடி வரிசையின் கடைசியில் இல்லை, முதலில். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியாக என்று தள்ளுகிறவர்கள், உடம்பு மிக மோசமான நாளில் மயக்க மருந்து கொடுக்கும் நிலைக்குத்தான் கொண்டுபோய் விடுகிறார்கள். முன்பு ஒருமுறை இசிடியில் நன்றாகக் குணமானவர் என்றாலும் அப்படித்தான்.

நடமாடுகிறார், சாப்பிடுகிறார், ஆனால் எதிலும் பிடிப்பில்லாமல் ஆறு மாதமாக இருக்கிறார், மறதிக்குப் பயப்படுகிறார், கூட்டிப் போக ஆள் இருக்கிறது: டிஎம்எஸ். ஆள் இல்லை என்றால் மாத்திரையைச் சரியான அளவில் இன்னொரு முறை. ஏற்கெனவே நினைவிழப்பு நோய் தொடங்கியவருக்கு இசிடி கூடாது என்றில்லை, குழப்பம் கூடுதலாக வரும், வாரத்துக்கு ஒன்றிரண்டு என்று இடைவெளி விட்டுக் கொடுப்பார்கள். அங்கே முடிவு உண்மையிலேயே கடினம்.

எங்கள் விஷயத்தில் தீர்மானித்தது எந்த ஆய்வும் இல்லை. அம்மா ஒரு வாய் உணவை இருபது நிமிடம் கன்னத்தில் அடக்கிவைத்திருந்து, நான் திரும்பியதும் துணியில் துப்பிவிடுவார். கேட்டால், வீட்டில் காசு தீர்ந்துவிட்டது, நான் தின்றால் உங்களுக்கு இருக்காது என்பார். ஏழு வாரத்தில் ஒன்பது கிலோ. அண்ணன் போனில் "இந்த வயசுல கரண்ட் வைக்கணுமா, இன்னொரு டாக்டரைப் பார்க்கலாமே" என்றார், பார்த்தோம், அவரும் இதையேதான் சொன்னார். நாலாவது தடவை முடிந்து மறுநாள் காலை, அம்மா என் கண்ணாடி எங்கே என்று கேட்டார். இரண்டு மாதமாக அவர் எதையும் கேட்டதில்லை.

## அவர் என்ன சொல்கிறார்

அவருக்குப் புரிந்து முடிவெடுக்க முடிகிறது என்றால் முடிவு அவருடையது, பிள்ளைகளுடையது இல்லை. ஒத்துக்கொண்ட பிறகு நடுவில் வேண்டாம் என்றாலும் நிறுத்த வேண்டும். முடிவெடுக்கும் நிலையிலேயே அவர் இல்லை என்றால் யார் கையெழுத்துப் போடலாம் என்பதற்குப் பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. டாக்டரிடம் அதைத் தெளிவாகக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தெளிந்த பிறகு செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது, அதை நாங்கள் தாமதமாகத்தான் செய்தோம். மறுபடி வந்தால் என்ன செய்யலாம் என்று அவரையே எழுதச் சொல்வது. அம்மா ஒரு நோட்டில் இரண்டே வரி எழுதியிருக்கிறார். சாப்பாட்டை நிறுத்தினால் காத்திருக்காமல் கூட்டிப் போங்கள். அந்தச் சமயத்தில் குழந்தைகளை லீவுக்கு இங்கே அனுப்ப வேண்டாம், அப்புறம் எனக்கு ஞாபகம் இருக்காது.